பட்டாளத்துத் தாத்தா

மைசூர் அசோகபுரத்தில், ரயில்வே தொழிற்சாலைக்கு அண்மையில் உள்ள நம் வீட்டின் கொல்லைச் சுவரில் இரும்புக் கம்பி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு முழ நீளம் இருக்கும். ஒரு முனை கூர்மையாகத் தீட்டப்பட்டது. மறு முனையில் கைக்கு அடக்கமான மரப்பிடி. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட துண்டிலிருந்து நம் பாட்டனார் தம் கையாலேயே காய்ச்சி அடித்துச் செய்துகொண்ட கருவி அது.

சேப்பங்கிழங்கு எடுக்கும் காலம் வந்தால் அந்தக் கம்பியோடு பாத்தியில் குந்திவிடுவார். மண்ணில் நேராக ஒருபோதும் குத்தமாட்டார். சாய்வாக, மிக மெதுவாக, இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, வரிசை தப்பாமல் குத்திக்கொண்டே நகர்வார். கிழங்கில் முனை பட்ட கணத்தில் கை நின்றுவிடும். அப்புறம் கம்பியை ஓரமாக வைத்துவிட்டு, விரல்களால் மண்ணை விலக்கிக் கிழங்கை வெளியே எடுப்பார். ஒன்றிலாவது கீறல் இராது. “மெதுவா கண்ணு, மெதுவா. அவசரப்பட்டா கெட்டுது காரியம்” என்பார். கிழங்கு எடுக்கும் முறையே அதுதான் என்று சிறு பிராயத்தில் நாம் எண்ணியிருந்தோம். வேறு வீட்டுக் கொல்லைகளில் மண்வெட்டி கொண்டு வெட்டியெடுப்பதைக் கண்டபோது, அவர்களுக்கு முறை தெரியவில்லை என்று நகைத்தும் இருக்கிறோம்.

இவ்வூரில் குடியேறிய குடும்பங்களின் பழைய வரலாறுகளை எழுதித் தருமாறு சங்கத்து அன்பர்கள் கேட்டபொழுது, நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கம்பியே. எழுத்துத் தொழில் நமக்குப் பழக்கமில்லாதது. பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவர்கள் நாம். சரக்குச் சீட்டும் ரசீதும் எழுதிப் பழகிய கை இது. பிழை இருப்பின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பாட்டனார் பிறந்தது 1919ஆம் ஆண்டில், வட ஆர்க்காட்டுச் சீமையில், வேலூரை அடுத்த ஒரு சிற்றூரில். அந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதுமையன்று. வீட்டுக்கு ஒருவர் சேனையில் இருக்கும் ஊர் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டையும் வேலூருக்கு அருகில்தான் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கே இளைஞர்களுக்கு இருந்த வழிகள் இரண்டு: ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், மற்றொன்று பட்டாளம். பாட்டனாரின் தமையனார் சுரங்கத்துக்குப் போனார். இவர் 1939ஆம் ஆண்டின் இறுதியில், யுத்தம் தொடங்கிய சில மாதங்களுக்குள், வேலூருக்கு நடந்து போய்ப் பெயர் கொடுத்தார். சேர்த்துக்கொண்டவர்கள் பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டி உள்ள ‘மதராஸ் சாப்பர்ஸ்’ படையை வாசகர்களில் பலர் அறிவர். 1780ஆம் ஆண்டில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கப்பட்ட பழைய படை அது. பாலம் கட்டுதல், பாதை போடுதல், கிணறு தோண்டுதல், கண்ணிவெடி புதைத்தல், எதிரி புதைத்ததை எடுத்தல் ஆகியவை அவர்கள் வேலை. சண்டை போடுகிறவனுக்கு முன்னால் போய் வழி செய்து கொடுத்துவிட்டு, சண்டை முடிந்த பின்னும் அங்கேயே இருந்து வழியைச் செப்பனிடுகிறவர்கள். தச்சு, கொல்லு, கொத்து ஆகிய தொழில்களில் ஏதேனும் ஒன்றை ஒவ்வொருவனுக்கும் கற்பிப்பார்கள். நம் பாட்டனாருக்குக் கொல்லு வேலை வாய்த்தது. பிற்காலத்தில் நம் குடும்பத்துக்குச் சோறு போட்டதும் அதுவே.

முள்வேலியைத் தகர்ப்பதற்காக உலகத்துச் சேனைகளெல்லாம் கையாண்ட ‘பெங்களூர் டார்ப்பிடோ’ என்னும் நீண்ட வெடிக்குழாய், 1912ஆம் ஆண்டில் இதே படையைச் சேர்ந்த மக்ளின்டாக் என்னும் அதிகாரியால் பெங்களூரில் உருவாக்கப்பட்டதாகும். சாப்பர்களை வெள்ளைக்கார அதிகாரிகள் ‘தம்பி’ என்று அழைப்பது வழக்கம். அந்தப் பெயர் இன்றைக்கும் அந்தப் படைக்கு நிலைத்திருக்கிறது. பாட்டனார் தம் எண்பதாம் வயதிலும் பால்காரர், தபால்காரர், எதிர்வீட்டுக் கன்னடப் பையன் யாவரையும் ‘தம்பி’ என்றே அழைத்தார். அது வயதில் மூத்தவர் என்பதனாலா, பட்டாளத்துப் பழக்கத்தினாலா என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை.

அவர் போன இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நான்காம் இந்திய டிவிஷனைச் சேர்ந்த 12ஆம் பீல்டு கம்பெனியில் அவர் இருந்தார். எகிப்து, எரித்திரியா, மறுபடியும் ஆப்பிரிக்க மணற்பாலை, அதன்பின் இத்தாலி, கடைசியில் கிரீஸ். ஆறு ஆண்டுகளில் இத்தனை தேசங்களைக் கண்ட ஒருவர், அவற்றைப் பற்றி நம்மிடம் சொன்னவற்றை எழுதினால் ஒரு பக்கம் நிரம்பாது.

எரித்திரியாவில் 1941ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெரன் என்னும் மலையூரில் கடும்போர் நடந்தது. இத்தாலியர் மலைப்பாறையை வெடிவைத்துச் சரித்துக் கணவாய்ப் பாதையை அடைத்துவிட்டனர். குண்டுமாரிக்கிடையே சாப்பர்கள் அந்தக் கற்குவியலை அகற்றிய பின்னரே டாங்கிகள் உள்ளே நுழைய முடிந்தது. மார்ச் 27ஆம் நாள் ஊர் வீழ்ந்தது. சரித்திரப் புத்தகங்களில் இதற்குப் பல பக்கங்கள் உண்டு. பாட்டனாரிடம் கேட்டால், “கல்லு உடைச்சோம் கண்ணு. தண்ணி கெடைக்கல” என்பதோடு முடிந்துவிடும். மலைமேல் இருந்தவர்களுக்குத் தண்ணீரையும் தோட்டாவையும் மனிதர்கள் தோளிலேயே சுமந்து ஏற்ற வேண்டியிருந்தது. அதனாலோ என்னவோ, வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரை யாரேனும் வீணே கொட்டினால் அவர் முகம் மாறிவிடும். மற்றெதற்கும் கோபித்தவர் அல்லர்.

இத்தாலியைப் பற்றிக் கேட்டால் இரண்டு சொற்கள் சொல்வார். ‘அக்குவா’ என்றால் தண்ணீர். ‘பம்பினோ’ என்றால் குழந்தை. நம்மைப் பல நாள் ‘பம்பினோ’ என்றே அழைத்ததுண்டு. பெங்களூரில் இத்தாலியக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த அதே காலத்தில், வட ஆர்க்காட்டுப் பையன்கள் இத்தாலியில் தண்ணீர் கேட்டு நின்றார்கள் என்பதை நினைத்தால் இப்பொழுதும் நமக்கு வியப்பாக இருக்கிறது.

ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் அவர் விரிவாகச் சொல்வார். அதுவும் தம்மைப் பற்றியதன்று. சுபேதார் சுப்பிரமணியன் என்னும் தமிழரைப் பற்றியது. செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அவர், அதே டிவிஷனின் 11ஆம் பீல்டு பார்க் கம்பெனியில் இருந்தார். 1944ஆம் ஆண்டில் இத்தாலியில் மிஞ்யானோ என்னும் இடத்தில் கண்ணிவெடி அகற்றும் கூட்டத்தை அவர் நடத்திச் சென்றபோது, பின்னால் வந்த வீரன் ஒருவன் வெடியை மிதித்துவிட்டான். ஜெர்மானியர் புதைத்த அவ்வகை வெடி மிதித்தவுடன் வெடிப்பதன்று. சில விநாடிகள் கழித்து மண்ணிலிருந்து இடுப்பளவு எழும்பி, நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளை நாற்புறமும் சிதறும். அந்தச் சில விநாடிகளுக்குள் சுபேதார் ஓடிவந்து அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் இறந்தார். ‘ஜார்ஜ் கிராஸ்’ என்னும் விருதை முதன்முதல் பெற்ற இந்தியர் அவரே. 

இதைச் சொல்லும்போது பாட்டனார் குரல் உயராது. “நாலு எண்ணு கண்ணு” என்பார். நாம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவோம். “அவ்ளோதான் நேரம்” என்று எழுந்து போய்விடுவார். போகும்போது இடது காலைச் சற்றே இழுத்து நடப்பார். பட்டாளத்தில் லாரியிலிருந்து விழுந்ததால் வந்த நொண்டல் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

1946ஆம் ஆண்டில் யுத்தப் படைகள் கலைக்கப்பட்டபோது அவரும் விடுவிக்கப்பட்டார். அந்த யுத்தத்தில் சேர்ந்த இந்தியர் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோரைப் போலவே இவருக்கும் கையில் ஒரு தொகை கிடைத்தது, ஓய்வூதியம் இல்லை. ஓராண்டு ஊரில் சும்மா இருந்துவிட்டு, கொல்லு வேலை தெரிந்தவர்களுக்கு மைசூரில் இடம் உண்டு என்று கேள்விப்பட்டு இங்கே வந்தார். 1924 முதல் நடந்துவரும் தொழிற்சாலை அப்போது மைசூர் சமஸ்தான ரயில்வேக்கு உரியதாக இருந்தது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அந்த ரயில்வே தென்னக ரயில்வேயோடு இணைக்கப்பட்டது. “பதினாலாந் தேதி காலையில போனா பட்டறை அதே பட்டறை, சுத்தி அதே சுத்தி, சம்பளச் சீட்டுல மட்டும் வேற பேரு” என்பது அவர் வருணனை. 1977ஆம் ஆண்டு வரை அங்கே சம்மட்டி பிடித்தார்.

இவ்வூரில் அவருக்கு வாய்த்த முதல் நண்பர் தமிழர் அல்லர். மண்டி மொஹல்லாவில் வசித்த முதிய முஸ்லிம் ஒருவர். மைசூர் லான்ஸர்ஸ் குதிரைப்படையில் சவாராக இருந்தவர். 1918ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் பாலஸ்தீனத்து ஹைபா நகரை, பீரங்கிகளுக்கும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் எதிரே ஈட்டியும் வாளும் ஏந்திக் குதிரைமேல் பாய்ந்து பிடித்த படை அது. ஜோத்பூர் லான்ஸர்ஸ் நகருக்குள் பாய்ந்தனர். மைசூர்ப் படையினர் கார்மெல் மலைச்சரிவில் ஏறிப் பீரங்கிகளைக் கைப்பற்றினர். அன்று பிடிபட்டவர் மட்டும் 1,300க்கு மேல். தில்லியில் தீன்மூர்த்தி வளாகத்துக்கு எதிரே நிற்கும் மூன்று வீரர்களின் உருவங்களில் ஒன்று மைசூருக்கு உரியது. அந்த நாற்சந்திக்கு 2018ஆம் ஆண்டில் ஹைபாவின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

அந்தச் சவாருக்குத் தமிழ் தெரியாது. நம் பாட்டனாருக்கு உருது அரைகுறை. இருவரும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேநீர்க்கடைப் பலகையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்களாம், அதிகம் பேசமாட்டார்களாம். இது நம் தந்தையார் சிறுவராக இருந்தபோது கண்டு நமக்குச் சொன்னது. தசரா ஊர்வலத்துக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள். சவார் குதிரைகளின் குளம்பைப் பார்ப்பார். பாட்டனார் தரையைப் பார்ப்பார். ஜம்பூ சவாரி யானையை இருவரும் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தந்தையார் சிரிப்பார்.

1991ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆயினும் இவ்விதழ் போகும் வீடுகளில் அந்நாட்களை மறந்த வீடு எது? காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டி, பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர் மீது வன்முறை எழுந்தது. நமக்கு அப்போது மூன்று வயது. நாம் அறிந்ததெல்லாம் பெரியவர்கள் சொன்னதே. எதிர்வீட்டுக் கன்னட அம்மாள் இருட்டும்முன் வந்து, நம்மையும் நம் தமக்கையையும் தூக்கிக்கொண்டு போய்த் தம் பிள்ளைகளோடு படுக்கவைத்தார். இரண்டு இரவுகள் அங்கேயே இருந்தோம். தந்தையார் ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டி கட்டினார். பாட்டனார் மட்டும் வழக்கம்போல் கொல்லையில் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம். தெருமுனையில் கூட்டமாக நின்ற இளைஞர்களிடம் கைத்தடியோடு நொண்டிக்கொண்டே போய், அவர்களில் ஒருவனைப் பார்த்துக் கன்னடத்தில், “நீ இன்னாருடைய மகன் அல்லவா? உன் அப்பாவுக்குச் சம்மட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் முழங்கால் வலி இப்போது எப்படி?” என்று கேட்டாராம். அவன் பதில் சொன்னான் என்றும், சொல்லவில்லை என்றும் இருவிதமாகச் சொல்வார்கள். நம் தெருவில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. கட்டிய பெட்டியை மறுவாரம் அவிழ்த்தார்கள்.

இனி நமக்கு மனத்தாங்கலான விஷயம். இரண்டாவது உலக யுத்தத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்தம் விதவைகளுக்கும் மாதந்தோறும் உதவித்தொகை தரும் வழக்கம் மாநில அரசுகளில் உண்டு. பாட்டனார் 1998ஆம் ஆண்டில் மனுச் செய்தார். விடுவிப்புப் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பதக்கங்களைக் கொண்டு போய்க் காட்டினார். ஆறுமுனை நட்சத்திரங்கள் மூன்று, வட்டப் பதக்கங்கள் இரண்டு. பதக்கம் யாரிடமும் இருக்கலாமே என்று ஒரு மேசைக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. மூன்று முறை போனார். மூன்றாம் முறை நாமும் கூடப் போயிருந்தோம். திரும்பி வரும் வழியில் அவர் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பதக்கங்களைப் பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு மூடினார். அதன்பின் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எந்த அலுவலகம் என்பதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. நாமும் இன்று ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்து ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவர்களே. அந்த மேசைக்காரர் சட்டப்படிதான் கேட்டார். ஆனால் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். ஜன்னலண்டை முதியவர் எவரேனும் காகிதத்தைத் தடவிக்கொண்டு நின்றால், நாம் எழுந்து நின்று பேசுவதற்குக் காரணம் அதுதான்.

2004ஆம் ஆண்டில், எண்பத்தைந்தாம் வயதில், ஐப்பசி மழை பெய்த ஒரு விடியற்காலையில் அவர் காலமானார். நோய் என்று படுத்தது நான்கே நாள்.

மூன்றாண்டுகளில் தந்தையாரும் பணியிலிருக்கும்போதே இறந்துவிட, அந்த இடத்துக்காக நமக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 2009ஆம் ஆண்டு தசராவுக்கு முன் வெள்ளையடிப்பதற்காகப் பாட்டனாரின் தகரப்பெட்டியை நகர்த்தினோம். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதன் கீழே ஒட்டிக்கொண்டு கிடந்தது அந்தப் புத்தகம். இத்தனை நாள் பெட்டியில்தான் இருந்திருக்கிறது! பாதி ஏட்டைக் கரையான் தின்றிருந்தாலும் முதல் பக்கத்துப் படை எண் தெளிவாக இருந்தது. பெயரில்தான் சிக்கல். பட்டாளத்து எழுத்தர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார். ரயில்வே எழுத்தர் ஓர் எழுத்தைக் கூட்டியிருந்தார். நம் தொழிலின் பெருமை அது. படை எண்ணைக் குறித்து, இரு பெயரும் ஒருவரே என்பதற்குச் சான்றுகள் இணைத்து, பெங்களூரில் உள்ள பட்டாள ஆவணப் பிரிவுக்கு விண்ணப்பித்தோம். ஐந்து மாதம் கழித்து ஒற்றைத் தாள் வந்தது.

அன்று மாலை ஆயாவைத் திண்ணையில் உட்காரவைத்து, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். ஆயா பாட்டனாருக்கு மாமன் மகள். அப்போது எழுபத்தேழு வயது. சேர்ந்த நாள், பயிற்சி, எகிப்து, எரித்திரியா என்று வரிசையாகப் போயிற்று. ‘இத்தாலி, மார்ச் 1944’ என்ற இடத்தில் நம் நாக்கு நின்றது. களத்தில் காயமடைந்தார் என்றும், இடது தொடையில் சிதறல் பாய்ந்தது என்றும், இரண்டு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தார் என்றும் எழுதியிருந்தது.

காஸினோ மலையில் நடந்த போர் அது. மலைமேலிருந்த மடத்தைப் பிப்ரவரி 15ஆம் நாள் விமானங்கள் தகர்த்த பின்னும் ஜெர்மானியர் அகலவில்லை. மலையின் பின்புறம் இருந்த ஒரு வண்டித்தடத்தை டாங்கி செல்லுமளவு அகலப்படுத்தும் வேலை, நான்காம் இந்திய டிவிஷனின் சாப்பர்களுக்கும் நியூஸிலாந்துக்காரர்களுக்கும் தரப்பட்டது. எதிரியின் கண்ணில் படாதிருக்க வலைகளால் மறைத்துப் பாறையை உடைத்தார்கள். மார்ச் 19ஆம் நாள் அந்தப் பாதை வழியே டாங்கிகள் ஏறின. பாட்டனார் அந்த வேலையில் இருந்தாரா என்பதைத் தாள் சொல்லவில்லை. மாதமும் படையும் பொருந்துகின்றன.

“ஆயா, தாத்தா லாரியிலிருந்து விழவில்லை” என்றோம்.

“தெரியும்” என்றார் ஆயா.

அப்போதுதான் சொன்னார். பட்டாளத்திலிருந்து பாட்டனாரின் தாயாருக்குக் கடிதம் வரும். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த ஆயா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்; பதினொரு வயதுச் சிறுமி. கடிதம் வந்தால் அவரைத்தான் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். அந்த ஆண்டு சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் தணிக்கைக்காரன் மை பூசியிருந்தான். ‘காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உயிருக்குப் பயமில்லை’ என்று அதற்கடுத்த வரி.

“அத்தை அடுப்பாண்ட உக்காந்து என் வாயையே பாத்துக்கினு இருந்தாங்க. பெரியவரு சுரங்கத்துல செத்து ஆறு மாசம்கூட ஆவல. அந்த வரிய மட்டும் வுட்டுட்டேன். ‘சொகமா இருக்கேன், மாமனுக்குக் கும்பிடு சொல்லவும்’னு மேல போயிட்டேன்.”

“தாத்தாவுக்கு அது தெரியுமா?”

“ஊருக்கு வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. வாசல்ல நொண்டிக்கினு வந்தாரு. அத்தை, ‘காலுக்கு இன்னாடா’ன்னாங்க. அவரு, கடுதாசி போட்டனேன்னு வாயெடுத்தவரு, என்னப் பாத்தாரு. நான் தலைய குனிஞ்சுக்கினேன். ‘லாரியில இருந்து வுழுந்துட்டம்மா’ன்னுட்டாரு. அதோட சரி.”

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1948இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதன்பின் ஐம்பத்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். இதைப் பற்றித் தமக்குள்ளேனும் பேசிக்கொண்டதுண்டா என்று கேட்டோம். “பேச இன்னா இருக்குது” என்றார் ஆயா.

உதவித்தொகை அடுத்த ஆண்டில் ஆயாவின் பெயருக்கு வந்தது. 2014ஆம் ஆண்டில் இறக்கும்வரை வாங்கினார். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பாட்டனாரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று அன்று மாலையே கேட்டோம். வேண்டாம் என்றார். கையில் வாங்கி நான்காக மடித்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பதக்கங்களின் மேல் வைத்து மூடி, தகரப்பெட்டியின் அடியில் புதிதாக விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே தள்ளினார்.